முந்திச் சிரித்தவர்

எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். கறுப்பு நிறம், தட்டையான உடம்பு. கையில் தூக்கினால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். தள்ளுவண்டியில் குவித்துப் போட்டு விற்ற டிவிடி பிளேயர் அது. முன்பக்கம் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் முதல் வாரமே உரிந்து விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்து டிவிக்குக் கீழே கொலு வைத்த மாதிரி வைத்தார்.

அதற்கு இருந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. டிஸ்க் வைக்கிற டிரே வெளியே வர வேண்டுமென்றால் தலையில் ஒரு போடு போட வேண்டும். அதிகம் சூடானால் படம் நின்றுபோகும். உடனே இவர் விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு அதற்கு விசிறுவார். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோதுகூட இப்படி யாரும் விசிறவில்லை. போட்டதும் முகப்பில் 'ஹலோ' என்று எழுத்து எரியும், அணைத்தால் 'பை' என்று எரியும். வீட்டில் அந்த மரியாதையாவது யாரோ ஒருவருக்குக் கிடைக்கிறதே என்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்ப்பேன்.

அவர் மர மில்லில் அறுவை மிஷினில் நிற்கிறவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த ரம்பத்துக்குப் பக்கத்தில்தான் அவருடைய பகல் முழுவதும். நான் ஒரு யூனிஃபார்ம் தைக்கும் கடையில் காஜா எடுத்து பட்டன் வைக்கிறேன். நான் வாயாடி, அதை மறைக்கப்போவதில்லை. நாள் முழுக்க கடையில் நடந்த கூத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். அவர் பேச மாட்டார், ஆனால் 'ம்' கொட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எந்த இடத்தில் 'ம்', எந்த இடத்தில் 'அடப்பாவி', எந்த இடத்தில் 'அப்புறம்?' என்று அளந்து போடுவார். பிள்ளை குட்டி இல்லாத வீடு எங்களுடையது. அந்த 'ம்'மை வைத்துக்கொண்டுதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

அது எப்போது நின்றது என்று சரியாகத் தெரியவில்லை. ஒருநாள் கவனித்தேன், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவர் பாட்டுக்கு இருக்கிறார். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான்! சரி, மில்லில் களைத்து வருகிறார் என்று நினைத்தால், மாடிப்படியில் மேல்வீட்டு பஸ் கண்டக்டர் "அண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்ததும் "என்னப்பா?" என்று உடனே எழுந்து போகிறார். தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கிறார். மில் மேஸ்திரி போன் பண்ணினால் மணிக்கணக்கில் மரக்கதை பேசுகிறார். ஊர்ப் பேச்செல்லாம் காதில் ஏறுகிறது, பெண்டாட்டி பேச்சு மட்டும் எருமை மாட்டின் மேல் பெய்த மழை. எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்?

ஒருநாள் எதிரே நின்று, "மூணு விசில் வந்ததும் குக்கரை அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். அவரும் தலையை ஆட்டினார். திரும்பி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த வாடை. குக்கர் கூவிக் கூவி ஓய்ந்துபோய் நிற்கிறது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, படத்தின் அடியில் ஓடும் எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். எந்தப் படமானாலும் அவருக்கு வசனம் எழுத்தாக ஓட வேண்டும். அப்படிப்பட்ட டிஸ்க்காகத் தேடிப் பார்த்துத்தான் வாடகைக்கு எடுத்து வருவார்.

"கண்ணு முன்னாடி கருகுதே, ஒரு மனுஷனுக்கு அக்கறைன்னு ஒண்ணு வேணாமா?" என்று கத்தினேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, அடிப்பிடித்த குக்கரைக் கழுவி வைத்தார். பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாகத் தூங்கியிருப்பேன்.

என் அக்கா வேறு ஊரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். தனி ஆள். "அடியே, அங்க யாருக்கோ காஜா போடறதை இங்க வந்து போடு. எனக்கும் பேச்சுத்துணையா இருக்கும்" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்வாள். முன்பெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். குக்கர் கருகின பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முன்னறையில், அந்தக் கறுப்பிக்கு முன்னால். முதுகுதான் தெரிந்தது. மனது கேட்காமல் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, நான் அக்காகிட்டயே போய் இருந்துடட்டுமா?"

அவர் பாதி திரும்பி, நான் ஏதோ கேட்டதைத் தெரிந்துகொண்டவர் போலத் தலையை ஆட்டினார். "ம், சரி" என்றார். மறுபடி படத்துக்குத் திரும்பிவிட்டார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக் குடித்தனத்துக்கு அவர் போட்ட விலை ஒரு 'ம்', ஒரு 'சரி'. எனக்கு வந்த அழுகை வெங்காயத்தின் கணக்கில் போனது. அன்றைக்கே அக்காவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடை முதலாளியம்மாவிடமும் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொன்னேன். பரண் மேலிருந்து பெரிய பையை இறக்கித் தூசி தட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன். அவர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாரே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் போதும், அவிழ்த்துக் கொட்டிவிடலாம் என்றுதான் நான் காத்திருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல்வீட்டுக் கண்டக்டரும் அவர் மனைவியும் ஒரு டிஸ்க்கோடு வந்தார்கள். வெளிநாட்டுச் சிரிப்புப் படம், நம் மொழியில் பேச வைத்தது, அடியில் எழுத்தும் ஓடும். புருஷன் பெண்டாட்டி இருவரும் புது வேலைக்காரனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற கதை. எனக்குப் பார்க்கிற மனசே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதே என்று ஓர் ஓரமாக உட்கார்ந்தேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் 'ஹா ஹா' என்று சிரித்தார். திரையில் அந்தப் பெண்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறக்கிறாள். அவள் சொல்லி முடித்ததும் நாங்கள் சிரித்தோம். அடுத்த தடவையும் அதேதான். இவர் முதலில் சிரிக்கிறார், அப்புறம் வசனம் வருகிறது, அதற்கப்புறம் நாங்கள்.

"என்னண்ணே, ஏற்கெனவே பாத்த படமா?" என்றார் கண்டக்டர்.

"இல்லையே, இப்பதான் பாக்கறேன்."

"அப்ப எப்படி எங்களுக்கு முன்னாடியே இறங்கிடறீங்க? டிக்கெட் இல்லாம ஏறின ஆளு மாதிரி!"

கண்டக்டர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, அண்ணன் படத்தை ஓட்டிப் பார்த்துட்டு நமக்காக நடிக்கறாரு" என்றாள். இவரும் சிரித்து மழுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்து முதலில் வந்துவிடுகிறது, பேச்சு பின்னால் வருகிறது, இவர் எழுத்துக்குச் சிரிக்கிறார். அது புரிந்தது. வாசிக்கட்டுமே, அதனால் என்ன என்றுதான் அப்போது நினைத்தேன்.

"இந்த எழுத்து வேற, பாதிப் படத்தை மறைக்குது" என்று கண்டக்டர் ரிமோட்டை எடுத்து எதையோ அமுக்கினார். எழுத்து போய்விட்டது.

அதன் பிறகு இவர் முந்தவில்லை. முந்தாதது மட்டுமா, சிரிக்கவே இல்லை. அந்தப் பெண்பிள்ளை ஏதோ சொல்ல, நாங்கள் மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, இவர் திரையைப் பார்க்காமல் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கடைசியாக, தானும் சிரித்தார். தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினவர் மாதிரி இருந்தது அந்த முகம். வேலைக்காரன் பேசும்போது மட்டும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அவனுக்குக் கட்டைக் குரல். மறுபடி அவள் பேசினாள். மறுபடி எங்கள் முகத்தைப் பார்த்தார்.

ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "என்னக்கா?" என்றாள் கண்டக்டர் மனைவி. கால் மரத்துப்போச்சு என்று சொல்லிச் சமாளித்தேன்.

படம் முடிந்து அவர்கள் மாடிக்குப் போனார்கள். இவர் ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மில்லில் கிழிந்த கையுறையைத் தைக்க ஆரம்பித்தார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"என்னங்க" என்றேன். ஊசி ஏறி இறங்கியது. திரும்பவில்லை.

"என்னங்க!" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். ம்ஹூம்.

"யோவ், மரமண்டை!" என்றேன். கட்டின புருஷனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கும் அவர் அசையவில்லை. தைரியம் வந்து இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், அதெல்லாம் இங்கே எழுத முடியாது. கையுறைதான் தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

என்னுடையது கீச்சுக் குரல். கடையில் என்னை 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டக்டர், மேஸ்திரி, அந்த வேலைக்காரன், எல்லோருக்கும் அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். நான் மூச்சை நன்றாக இழுத்து, தாடையை நெஞ்சில் இடித்துக்கொண்டு, மேஸ்திரி கூப்பிடுகிற மாதிரி கட்டைக் குரலில் சொன்னேன்.

"என்னங்ங்க!"

ஸ்டூல் கிரீச்சிட அவர் திரும்பினார். முதலில் வாசலைப் பார்த்தார், யார் வந்தது என்று. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயா?"

"நானேதான்" என்றேன், அதே குரலில். தொண்டை வலித்தது.

அவர் கையிலிருந்த கையுறை கீழே விழுந்தது. கண் நிறைந்துவிட்டது. "பேசிட்டியா!" என்றார். "எத்தனை நாளாச்சு நீ என்கிட்ட பேசி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "நானா பேசலை? நாள் பூரா பேசிட்டுதானே இருக்கேன்!"

"வாயி அசையும். சத்தம் வராது. உனக்குள்ளயே ஏதோ முணுமுணுத்துக்கறேன்னு நினைச்சேன்." அவர் கையைப் பிசைந்துகொண்டார். "எனக்குக் காது போச்சுன்னு எப்படித் தோணும்? மேஸ்திரி திட்டறது கேக்குது. லாரி கேக்குது. ரம்பம் மரத்துல கடிக்கறது கேக்குது. உன் பேச்சு ஒண்ணுதான் கேக்கலை. சரி, என்கிட்ட பேசப் பிடிக்கலை போல, சலிச்சுப்போச்சு போலன்னு இருந்துட்டேன். டிவியிலயும் இந்தப் பொம்பளைங்கள்லாம் உன்னை மாதிரியே முணுமுணுக்கறாங்க. அதான் எழுத்து வர்ற இதை வாங்கினேன்."

"ஏன் பேசமாட்டேங்கறேன்னு என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டு, ஆமா பிடிக்கலைன்னு நீ சொல்லிட்டா?"

அந்த ஆளை என்ன செய்வது? அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. முழங்காலில் ஓங்கி ஓர் அறை வைத்தேன். அப்புறம் அந்த இடத்தையே தடவிக்கொடுத்தேன்.

"அக்காகிட்ட போய் இருந்துடட்டுமான்னு கேட்டேனே" என்றேன். கட்டைக் குரலில் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "சரின்னு சொன்னீங்களே!"

அவர் முகம் வெளிறிவிட்டது. "எப்பக் கேட்ட?"

"வெங்காயம் நறுக்கறப்ப. தலையை ஆட்டிட்டு சரின்னீங்க. எதுக்கு சரின்னீங்க?"

"நீ ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு. சரின்னேன்." அவர் திகைப்போடு என்னைப் பார்த்தார். "நீ கேட்டு நான் எதுக்கு வேணாம்னு சொல்லியிருக்கேன்?"

நினைத்துப் பார்த்தேன். எதற்கும் சொன்னதில்லை.

அவர் மெல்லக் கட்டில் பக்கம் திரும்பி, பையைப் பார்த்தார். "நீ அதை இறக்கினதுல இருந்து எனக்கு மில்லுல கை நிலையா நிக்கலை" என்றார். "மேஸ்திரி ரெண்டு தடவை மிஷினை நிறுத்திட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாரு. வீட்டுக்கு வர பயமா இருந்துச்சு, வந்தா நீ போயிருப்பியோன்னு."

"நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு பேரும் லீவு போடறோம்" என்றேன். அவர் உடனே "சரி" என்றார். "எதுக்குன்னு கேட்டுட்டு சரி சொல்லுங்க!" என்று அதட்டினேன். "டாக்டருக்கு" என்றார், பள்ளிக்கூடப் பையனைப் போல.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அக்காகிட்ட போறியா?"

நான் மூச்சை இழுத்து, தாடையை நெஞ்சில் இடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "எங்கயும் போகலை!"

"சரியாக் கேக்கலை" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

கேட்டிருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் சொன்னேன்.