சாட்சிக் கையெழுத்து

காலையில் பட்டறையைத் திறந்ததும் பெட்டிக்காரி செய்கிற முதல் வேலை, முந்தின நாள் ஒட்டிக் காயவைத்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றை உருவிக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நிற்பது. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முழு உடம்பையும் இறக்கி நிற்பாள். பெட்டி தாங்கினால் சரக்கு லாரி ஏறும். நசுங்கினால் அந்த அடுக்கு மொத்தத்தையும் பிரித்துவிடுவாள். பசை கலக்கியவள் அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஆள் கொஞ்சம் தாராளமான உடம்புக்காரி. அண்ணி ஏறித் தாங்கின பெட்டிக்குள் யானையையே வைத்து அனுப்பலாம் என்று நாத்தனார் கேலி செய்வாள்.

பட்டறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கணவனின் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகை, அவ்வளவுதான். குடும்பம் மொத்தமும் அந்த வீட்டில்தான் இருந்தது. ஒரு கத்தியையும் ஒரு மேஜையையும் வைத்துக்கொண்டு பேக்கரிகளுக்குக் கேக் பெட்டி செய்து கொடுக்க ஆரம்பித்தாள். வளையலை விற்று வெட்டும் மெஷின் வாங்கினாள். புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த நாத்தனார், ஒரு மூலையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்காமல், அண்ணியோடு சேர்ந்து அட்டை மடித்தாள். பிறகு தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கணவனோ அந்தக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. பசை வாடை பட்டால் அவனுக்குத் தும்மல் நிற்காது.

இப்படி இருக்கையில்தான் பெரிய பிஸ்கட் கம்பெனி ஒன்று அவளைத் தேடி வந்தது. வருஷம் முழுக்கப் பெட்டி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: பதிவு செய்த பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால்தான் ஒப்பந்தம், அதுவும் இந்த மாதத்துக்குள்.

ஆடிட்டர் அவளுக்குப் புரியும்படி சொன்னார். கம்பெனி என்பது தனி ஆள் மாதிரி. வாங்குவதும் விற்பதும் கடன் படுவதும் அதன் பேரில். நாளைக்கே தொழில் படுத்துவிட்டால், போட்ட முதல் போகுமே தவிர, வீட்டுச் சாமானையும் பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவரவர் பொறுப்பு அவரவர் போட்ட பங்கு வரைக்கும்தான். சொந்தக் கைமாற்றுக்கும் பட்டறைக் கடனுக்கும் வித்தியாசம் தெரியாமல் பயந்து பயந்து தொழில் செய்தவளுக்கு இதைக் கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது.

விஷயம் வீட்டுக்கு வந்ததும், கணவனின் அண்ணன், அந்த வீட்டு மூத்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆபீஸ், ஆடிட்டர் என்று பொம்பளைகள் அலைய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவள் கேட்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதமானாலும் மூத்தவர் முதலில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போடுவார். பெண்கள் அந்த டிக் இருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவார்கள். படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. பெட்டிக்காரி பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவள், நாத்தனார் பட்டம் வாங்கியவள். ஆனாலும் படித்துப் பார்த்தால் பெரியவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமே! அந்த மரியாதைக்குப் பயந்தே எத்தனை பெண்கள் எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு மட்டும் ஆடிட்டர் ஆபீஸில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். காகிதங்கள் வந்தன, பென்சில் டிக்கும் இருந்தது. பெட்டிக்காரி அன்றைக்கும் பேசாமல் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஆனால் தன் கம்பெனியின் பெயரை அச்சில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. முதல் பக்கத்தைத் திருப்பினாள். 'பிரதர்ஸ் பேக்கேஜிங் பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தது. டைரக்டர்கள் இரண்டு பேர்: மூத்தவரும் அவள் கணவனும். பங்கும் அவர்கள் இருவருக்கே. அவள் தன் பெயரைத் தேடிக்கொண்டே வந்து, கடைசியில் பென்சில் டிக் பக்கத்தில் கண்டுபிடித்தாள்.

"இதுல நான் யாரு சார்?" என்று கேட்டாள்.

ஆடிட்டர் கழுத்தைச் சொறிந்தார். "நீங்க சாட்சிம்மா. அவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டதை நீங்க பாத்தீங்கன்னு."

"என் கல்யாணத்துக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட முடியுமா சார்?"

மூத்தவர் சிரித்தார். கோபப்படவே இல்லை. பெண்ணின் பெயரைப் பார்த்தால் பேங்க்காரன் மதிக்க மாட்டான், பிஸ்கட் கம்பெனிக்காரன் அடிமாட்டு விலைக்குக் கேட்பான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போல, "உன் புருஷன் பேர்ல இருந்தா உன் பேர்ல இருக்கிற மாதிரிதானம்மா" என்றார்.

"அப்ப என் பேர்லயே இருக்கட்டும் மாமா. அவர் பேர்ல இருக்கிற மாதிரிதானே."

ஆடிட்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. கணவன் சுற்றுகிற மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டிக்காரி பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் கெஞ்சிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. பிறந்ததிலிருந்து அண்ணனிடம் மாட்டேன் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகாதவன், அதுதான் அவன் வியாதி. ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடும், குடும்பம் இரண்டுபட்டுவிடும் என்றான். ஒப்பந்தம் போனால் மறுபடியும் கேக் பெட்டி செய்து பிழைத்துக்கொள்வேன், பட்டறையே போனால் எதைச் செய்வேன் என்று அவள் கேட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. அன்று மடித்த பெட்டிகளில் பாதி கோணலாக வந்தன.

அந்த வகைக் கம்பெனி தொடங்க இரண்டு பேராவது வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? தன் அண்ணனைக் கேட்கலாமா, தோழியைக் கேட்கலாமா என்று எதிரில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்த நாத்தனாரிடமே அவள் யோசனை கேட்டாள். மோர் விற்கிறவளே தாகத்துக்குத் தெருவெல்லாம் அலைந்த கதைதான்.

நாத்தனார் பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "நான் இருக்கேன்ல அண்ணி."

அண்ணனை எதிர்த்து எப்படி நிற்பாய் என்று பெட்டிக்காரி தயங்கினாள். அப்போதுதான் நாத்தனார் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அப்பா இறந்துபோன வருஷத்தில், தண்ணீர் இணைப்பை மாற்ற வேண்டும் என்று மூத்தவர் ஒரு காகிதத்தை நீட்டினார். பென்சில் டிக் இருந்த இடத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள், பெட்டிக்காரியின் கணவனான சின்ன அண்ணனும் போட்டான். இந்த வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதியிருந்த காகிதம் அது. புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து தனியாக ஓர் அறை கேட்டபோதுதான் அவளுக்கு அது தெரியவந்தது.

"படிச்சவதானே நான். படிக்காம போட்டேன்னு வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றாள். "இந்தத் தடவை ஒவ்வொரு வரியா படிச்சுட்டுப் போடுறேன். எனக்கும் அது வேணும் அண்ணி."

மறுநாள் இருவரும் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்கள். புரியாத இடத்தில் விரலை வைத்துக் கேட்டார்கள். அவருடைய டீ ஆறிப்போனது. இதையெல்லாம் யாரும் படிப்பதில்லை என்று அலுத்துக்கொண்டார். நான் படித்ததால்தானே சார் இரண்டாவது தடவை டைப் அடிக்கிறீர்கள் என்றாள் பெட்டிக்காரி. இருவருக்கும் சரிபாதிப் பங்கு, இருவரும் டைரக்டர். கம்பெனிப் பெயர் என்ன என்று கேட்டார். தெருவே தன்னைக் கூப்பிடுகிற பெயரைச் சொன்னாள். கொஞ்சம் கௌரவமாக வைக்கலாமே என்று அவர் இழுத்தார். இதைவிடக் கௌரவம் என்ன வேண்டும் என்றாள்.

'பெட்டிக்காரி பிரைவேட் லிமிடெட்' பதிவாகி வந்துவிட்டது. பிஸ்கட் கம்பெனியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அவர்களுக்கு வேண்டியது பதிவும் உறுதியான பெட்டியும். ஆணா பெண்ணா என்று அவர்கள் கேட்கவே இல்லை. கொட்டகை வாசலில் பெயர்ப் பலகை மாட்டிய அன்றைக்கே மூத்தவர் வந்து நின்றார். முதல்தடவையாக அவர் குரல் உயர்ந்தது. பலகையைக் கழற்று, இல்லையென்றால் காலி பண்ணு, இடம் என்னுடையது என்றார். அழுதுகொண்டு காலில் விழுவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ! பெட்டிக்காரி நாளைக்குக் காலையில் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட பெட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அன்று சாயங்காலமே, தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த நாற்காலிக் கடையைக் கம்பெனி பேரில் வாடகைக்குப் பிடித்தார்கள்.

வெட்டும் மெஷினை ஏற்ற வண்டிதான் கிடைக்கவில்லை. வண்டிக்காரர் மூத்தவரின் சிநேகிதர்; டயர் பஞ்சர் என்றார். வண்டி வராவிட்டால் போகட்டும் என்று பட்டறைப் பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். காகிதச் சுருள் வரும்போது அதன் நடுவில் இருக்குமே, மரம் போல் கெட்டியான அட்டைக் குழாய், அவற்றை வரிசையாகத் தரையில் போட்டு மெஷினை அதன்மேல் ஏற்றித் தள்ளினார்கள். மெஷின் உருண்டது. பின்னால் கழலும் குழாயை ஒருத்தி எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிப் போட வேண்டும். தெருவே வேடிக்கை பார்த்தது. பசைக்கார அக்கா, பல்லக்கு போகுது, வழி விடுங்க என்று சத்தம் போட்டாள்.

வெளிவாசல் படியருகே முன்னால் போடக் குழாய் இல்லாமல் போய்விட்டது. எல்லாருடைய கையும் மெஷினைத் தாங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டால் மெஷின் சாய்ந்துவிடும். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவன் இறங்கி வந்தான். பின்னால் கிடந்த குழாயை எடுத்தான், முன்னால் கொண்டுபோய்ப் போட்டான். ஒரு தும்மல் போட்டுவிட்டு அடுத்த குழாயை எடுத்தான்.

"டேய், உள்ள போ," என்றார் வீட்டு வாசலில் நின்றிருந்த மூத்தவர்.

"மாட்டேண்ணே," என்றான் அவன். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் திகைத்துப்போனான். பெட்டிக்காரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் தள்ளுவதை நிறுத்தவில்லை.

தம்பியிடம் எடுபடாத கோபம் தங்கையின் பக்கம் திரும்பியது. தெருவே கேட்கும்படி, "சோறு போட்டு வச்சிருந்தேன் உன்னை. கூடப்பிறந்தவங்களுக்குள்ள இப்படிக் கணக்குப் பாப்பியா நீ?" என்றார்.

நாத்தனார் மெஷினிலிருந்து கையை எடுத்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. இப்போதும் சத்தம் போடவில்லை. ஆனால் தெருவில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"கணக்குப் பாக்காதேன்னு எங்களுக்குச் சொல்லிட்டு, எல்லாத்தையும் உங்க பேர்ல எழுதிக்கிட்டீங்கண்ணே. அண்ணியை நல்ல உழைப்பாளி, நல்ல பொண்ணுன்னு சொன்னீங்க. நல்ல பேரு எங்களுக்கு வேண்டாம். உழைச்சவளுக்குப் பங்கு வேணும், காகிதத்துல பேரு வேணும். இனிமே நாங்க எதையும் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடமாட்டோம், நீட்டுறது கூடப்பிறந்தவனா இருந்தாலும் சரி."

சொல்லி முடித்துவிட்டு அவள் மெஷினில் தோளைக் கொடுத்தாள். வெளிவாசலைத் தாண்டி மெஷின் தெருவில் இறங்கியது.