தேதி உள்பக்கம்

தெருவில் அவரை டயர் வைத்தியர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக ஒரே கடையில் டயர் மாட்டுகிறவர். தங்கையின் கணவர் தன் பிக்கப் வண்டிக்கு டயர் மாற்ற வந்த அன்று வைத்தியருக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சானுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் புயல். சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டுகிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்! அந்தப் புயலுக்கு, காடுமேடு ஏறுகிற, பெரிய பெரிய கட்டம் போட்ட டயர்மேல் கண்.

“பாக்க கெத்தா இருக்கு மச்சான்.”

“கெத்தை வச்சு என்ன பண்ணப்போற? நீ ஓட்டுறது பூரா ஹைவே. இது காதைக் கிழிக்கும், டீசல் குடிக்கும், மழையில தார்ரோட்டைப் பிடிக்காது. நீளக் கோடு ஓடுற ஹைவே டயர் எடு. சுமை தாங்குறதா நானே பாத்துத் தர்றேன்.”

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மச்சானின் அம்மா எட்டிப் பார்த்தார். “வைத்தியர் சொல்றதைக் கேளுடா” என்று மகனை அதட்டினார். அத்தை சொன்னால் சொன்னதுதான், அதற்கு அப்பீலே கிடையாது.

மூன்று டயர்கள் புத்தம் புதுசு, வைத்தியரே தேதி பார்த்து எடுத்தவை. நாலாவது அந்த அளவில் இருப்பு இல்லை. முதலாளி பின்னறையிலிருந்து ஒன்றை உருட்டி வந்தார். அதன் ஒரு பக்கத்தில் சாக்பீஸ் கோடு.

அந்தக் கோட்டின் அர்த்தம் கடைக்குள் மட்டும்தான் தெரியும். டயர் தயாரான வாரமும் வருடமும் நாலு எண்ணாக அதன் ஒரு பக்கத்தில் இருக்கும். வருடக்கணக்கில் விலைபோகாமல் கிடந்த டயர் என்றால் முதலாளி அந்தப் பக்கத்தில் கோடு போட்டுவிடுவார். கோடு போட்ட பக்கம் உள்ளே போக வேண்டும். வாங்குகிறவன் வண்டிக்கடியில் புகுந்தா பார்க்கப்போகிறான்? வைத்தியரின் கைக்கு இதெல்லாம் மனப்பாடம். மூளையைக் கேட்காமலே கை திருப்பி மாட்டிவிட்டது.

ஜாக்கியை இறக்கிய பிறகுதான் சுருக்கென்றது. கோட்டுக்குக் கீழே பார்த்த எண் அப்போதுதான் மனசில் ஏறியது. ஒன்பது வருடத்து டயர், ரப்பர் இறுகி ஓட்டத்தில் தோல் உரிகிற வயசு. கழற்றிவிடலாம். ஆனால் முதலாளி பக்கத்திலேயே நின்றார். ஒன்றுதானே, பின்பக்கம்தானே, ஓட்டுகிறவனும் புயல்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கேடுகெட்ட சமாதானம்! வாயை மூடிக்கொண்டு, அத்தைக்குக் கையாட்டி அனுப்பிவைத்தார்.

பதினோராம் நாள் வண்டி ஹைவேயில் கவிழ்ந்தது. அத்தை அந்த இடத்திலேயே போய்விட்டார். மச்சானுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. கண்ணசந்துவிட்டேன் என்று போலீஸில் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். தூங்கிப்போய்ப் பெற்ற தாயையே கொன்றவன் என்று ஊரே பேசியது. தங்கைகூடக் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

வைத்தியர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியைப் பார்த்தார். பின்பக்க இடது டயரின் மேல்தோல் முழுசாக உரிந்து தொங்கியது. உள்பக்கம் கைவிட்டுத் துடைத்தார். சாக்பீஸ் கோடு பாதி அழிந்திருந்தது, எண் அழியவில்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். மச்சான் கட்டிலில் கிடந்தபடி அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

“யார்கிட்டயும் சொல்லிடாத மச்சான். நான் தூங்கல. பின்னாடி டமார்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.”

“அப்புறம் ஏன் அப்படி எழுதிக் கொடுத்த?”

“டயர்னு சொன்னா உன்னைத்தானே இழுத்துட்டுப் போவாங்க. எவ்வளவு பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்த! ரோட்டுல ஆணிகீணி கிடந்திருக்கும், அதுக்கு நீ என்ன பண்ணுவ? அம்மா போனது போயாச்சு. நீயாவது நல்லா இரு.”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். வைத்தியரால் முடியவில்லை.

“ஆணி இல்ல மச்சான். அது பழைய டயர். தெரிஞ்சும் விட்டுட்டேன்.”

மச்சானுக்கு முதலில் புரியவில்லை. வைத்தியர் சாக்பீஸ் கோட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

“வெளிய உன் தங்கச்சி இருக்கா” என்றார் மச்சான் சுவரைப் பார்த்தபடி. “அவகிட்டயும் நீயே சொல்லு.”

வராந்தாவில் தங்கை, போலீஸ் திருப்பிக் கொடுத்த மாமியாரின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் ஓடிவந்து தோளில் சாய்ந்து அழுதாள்.

“நீ இருக்கிறதிலேயே நல்லதாப் பாத்து மாட்டிக் குடுத்தியேண்ணா. இந்த மனுஷன் தூங்கிட்டாரே!”