மண் பூசிய வயர்

விடிந்தும் விடியாத நேரம். களிமண் கூழை வாளியில் மொண்டு அச்சுகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள் நீலாவதி. தூக்கித் தூக்கி வலது தோள் இற்றுப்போயிருந்தது. வாளியின் இன்னொரு பக்கத்தைப் பிடிக்கிற ராஜாம்பாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

விருத்தாசலத்தின் அந்தப் பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கட்டைகள் செய்கிறார்கள். ஊரார் வீடு தீப்பிடிக்காமல் காப்பவை அவை. மழைக்காலத்தில், அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கட்டைகள் காய்வதற்குப் பெரிய ஃபேன் ஓட வேண்டும். அதன் வயர் ஈரத் தரையில் கிடந்து தோல் உரிந்துவிட்டது. முதலாளி பிரபாகரன் வீட்டு ஏசியில் வயர் கெட்டால் அன்றைக்கே எலக்ட்ரீஷியன் ஓடிவருவான். இங்கே புது வயர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், உரிந்த இடத்தில் தினமும் காலையில் பெண்களே களிமண்ணை அப்பிவந்தார்கள். பீங்கானில் கரண்ட் பாயாது என்பது அவர்களுக்குத் தெரியும். பீங்கான் சூளையில் வெந்தது, இது வேகாத ஈரமண் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. போன வாரம் பிளக்கைச் செருகிவிட்டு வயரை நகர்த்திய ராஜாம்பாளைக் கரண்ட் தூக்கியடித்தது. அவள் கை இன்னும் மடங்கவில்லை.

அவளுக்குப் பதிலாக ஃபேன் போட வேண்டிய நீலாவதி அன்றிலிருந்து அந்த வயரைத் தொடவில்லை. மற்றவர்கள் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. கட்டை காயாவிட்டால் கூலியும் இல்லை. தாங்களே போய்ச் செருகவும் அவர்களுக்குத் துணிவில்லை. அவர்கள்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. தனியாக பஸ் ஏறி வந்து, தனியாகச் சோற்றுத் தூக்கைத் திறந்து, பாதியிலேயே மூடிவைப்பாள்.

அன்று வெளிச்சம் வந்ததுமே பிரபாகரன் வந்து நின்றார்.

"ஃபேனப் போடமாட்டேன்னது யாரு?"

"நாந்தாங்க. புது வயரும் எர்த்து வச்ச பிளக்கும் போட்டுக் குடுங்க, போடறேன்."

"மண்ண அப்புனது யாரு, நானா? நீங்க பண்ண கூத்துக்கு நான் பொறுப்பா?"

"நாங்கதான் அப்புனோம். வயரு நல்லாருந்தா எதுக்குங்க அப்பப் போறோம்?"

"இஷ்டமில்லன்னா வூட்டுக்குப் போ. ஏ வளர்மதி, நீ போய்ப் போடு!"

ஸ்பாஞ்சால் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்த வளர்மதி தன் ஈரக் கையைப் பார்த்தாள். எழவில்லை.

"நானே போடறேன். என்னா ஆயிடப் போவுது?"

விடுவிடுவென்று நடந்த அவரைச் சூளை வேலை பார்க்கும் கலியமூர்த்தி மறித்தார். "செருப்பக் கழட்டிட்டுப் போடுங்க மொதலாளி. செருப்பு மணலு களிமண்ணுல சேரும்னு எங்கள வெறுங்காலோடதான உள்ள வுடறீங்க?"

பிரபாகரன் தன் தடித்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். கழற்றவில்லை. பிளக்கையும் தொடவில்லை.

வளர்மதி ஸ்பாஞ்சை வாளியில் போட்டுவிட்டு எழுந்துவந்து நீலாவதியின் பக்கத்தில் நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"ஃபேன் ஓடாம நாளைக்கு ஒருத்தருக்கும் வேலை கெடையாது!" என்று முதலாளி கத்தினார்.

"வயர மாத்திட்டுச் சொல்லி அனுப்புங்க. வந்தா எல்லாரும் வருவோம். நீலாவதி அக்காவ வுட்டுட்டு யாரும் வரமாட்டோம்" என்றாள் வளர்மதி.

அவர் கேட்டை அறைந்து சாத்திவிட்டுப் போனார். நாளைக்கு அடுப்பு எரியுமா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஆனாலும் நீலாவதிக்கு நெஞ்சு நிறைந்து அழுகை பொங்கியது.

"அழுவாதக்கா" என்று வளர்மதி அவள் கையைப் பிடித்தாள். "ராஜாம்பாக்கா எந்த வார்டுல இருக்காங்க? சோத்த எடுத்துக்கிட்டு எல்லாரும் போவோம், வா."