திருகில் கால் சுற்று

மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு, இறக்குமதிக் கிடங்கின் இரண்டாம் மாடிச் சோதனை அறையில், மலிவு விலை மடக்குக் கத்தி ஒன்றின் ஐந்து மாதிரிகள் தேர்ச்சி பெற்றன. பிடி பச்சை நிறம். படிவத்தில், "அலகில் ஆட்டம் இல்லை, பூட்டு உறுதி" என்று எழுதப்பட்டிருந்தது.

எழுதிய சோதனைக்காரருக்கு அந்த வேலையில் பத்தொன்பது வருடம். கிடங்கில் எல்லோரும் அவரைக் 'காது' என்பார்கள். கத்தி திறக்கும் சத்தத்தைக் கேட்டே அதன் லட்சணத்தைப் பாதி சொல்லிவிடுவார். விலை குறைந்த கத்தியில் எஃகின் பெயரை அவர் பொருட்படுத்துவதில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். மடக்கிய கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அலகு பிடிக்குள் நட்டநடுவே நிற்கிறதா என்று பார்ப்பார். திறந்து, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுவார். திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டுத் தகடு அலகின் அடியில் எவ்வளவு ஏறி உட்கார்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். கடைசியாக அலகின் முதுகை மரக்கட்டையில் மூன்று முறை தட்டுவார். மடங்கினால் சரக்கு வந்த வழியே திரும்பும்.

பச்சைப் பிடி அந்த விலைக்கு அதிசயம்தான். ஒரே ஒரு குறை. ஐந்திலும் அலகைத் தாங்கும் அச்சுத் திருகு தளர்ந்திருந்தது. திருகு கழலாமல் இருக்க மரையில் வைக்க வேண்டிய பசையை வைக்கவில்லை. அவருக்குக் கை சும்மா இருக்குமா? சட்டைப் பையிலிருந்து சிறு திருப்புளியை எடுத்தார். ஒரு சொட்டுப் பசை, கால் சுற்று இறுக்கம். ஆட்டம் நின்றது. மூன்று தட்டுக்கும் பூட்டு அசையவில்லை. இத்தனை நல்ல கத்தியை ஒரு திருகுக்காகவா கழிப்பது என்று டிக் அடித்தார். ஒரு மாதிரியைத் தன் பையிலும் போட்டுக்கொண்டார். தான் சோதித்தது தன் கைவேலையைத்தான் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது மே முதல் வாரத்தில், தங்கை வீட்டில்.

தங்கையின் கணவர் நாற்றுப் பண்ணையில் ரோஜாச் செடிகளுக்கு ஒட்டுக் கட்டுபவர். நாளைக்கு இருநூறு முறை கத்தியைத் திறந்து மடக்கும் வேலை. "கம்மி விலையில நல்ல கத்தியா ஒண்ணு சொல்லுங்க மச்சான்" என்று ஏப்ரலில் அவர் கேட்டபோது, "பச்சைப் பிடி வாங்குங்க மாப்ள, என் கைபட்ட சரக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் இவர்தான்.

மாப்பிள்ளையின் வலது கையில் முழங்கை வரை கட்டு. ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக ஒரு அட்டையில் நீட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க காது சார். விரல்கிட்ட காதை வச்சுப் பாருங்க, என்ன சத்தம் வருதுன்னு."

"சிரிக்கிற நேரமா இது?" என்றாள் தங்கை. "அண்ணா, கத்தி தானா மடங்கி விரல்ல விழுந்துச்சுங்கறாரு. நரம்பைத் தைச்சிருக்காங்க. பயிற்சி செஞ்சா ஆறு மாசத்துல விரல் மடங்குமாம். நாளைக்குப் பண்ணைக்காரர் வர்றாரு. கத்தி மேல தப்புன்னா அதுவரைக்கும் இவர் இடத்தை வச்சிருப்பாராம். இவர் மேல தப்புன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம். நீ பார்த்துச் சொல்லு."

துணியில் சுற்றிவைத்திருந்த கத்தியைக் கொடுத்தாள். அவர் திறந்தார். அச்சுத் திருகு பாதி வெளியே வந்திருந்தது. அலகு பால்பல் மாதிரி ஆடியது. அலகு ஒருபக்கம் சாய்ந்ததும் பூட்டுத் தகடு வழுக்கியிருக்கிறது. பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பையிலிருந்த, பசை வைத்து இறுக்கிய கத்தியோ இரண்டு மாதம் கழித்தும் கல் போல இருந்தது.

பிடியின் இடுக்கில் கொஞ்சம் காய்ந்த மண் இருந்தது. பண்ணைக் கத்தி எதில்தான் இருக்காது?

"மண்ணு ஏறியிருக்கு மாப்ள," என்றார். "சுத்தம் பண்ணாம மடக்கியிருக்கீங்க."

மாப்பிள்ளை மனைவி பக்கம் திரும்பினார். "அதானே, மச்சான் பாஸ் பண்ண கத்தி தப்பாப் போகுமா? தப்பு என்னோடதுதான்."

மறுநாள் மாப்பிள்ளை பண்ணைக்காரரிடமும் அதையே, அதே வார்த்தைகளில் சொன்னார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சோதனைக்காரர் பத்தொன்பது நாட்களைத் தள்ளினார். இருபதாம் நாள், விற்காமல் கிடந்த பெட்டிகளிலிருந்து முப்பது கத்திகளை எடுத்தார். திருப்புளியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஒவ்வொன்றையும் இருநூறு முறை திறந்து மடக்கினார். கட்டை விரலில் தோல் உரிந்தது. இருபத்திரண்டு கத்திகள் தளர்ந்தன. அறிக்கை எழுதி மேலாளர் முன் வைத்தார்.

"மார்ச்ல உறுதின்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார். இறுக்கிட்டு எழுதினேன்."

"பேப்பர் திருத்தச் சொன்னா, பரீட்சையையும் நீங்களே எழுதி மார்க் போட்டீங்களா?"



அன்று மாலையே அறிக்கையின் நகலோடு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் நின்றபடியே படித்தாள்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தாளை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை இடது கையால் அதை எடுத்துப் படித்தார்.

"நான் தினமும் யோசிச்சுப் பார்த்தேன் மச்சான். அன்னைக்குக் காலையில கத்தியத் துடைச்ச மாதிரிதான் ஞாபகம். அப்புறம், மச்சானே சொல்லிட்டாரு, நான்தான் மறந்திருப்பேன்னு விட்டுட்டேன்."

பச்சைப் பிடிக் கத்திகள் ஜூன் இருபதாம் தேதிக்குள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பண்ணைக்காரர் அறிக்கையைப் படித்துவிட்டு வருத்தம் தெரிவித்தார். ஒட்டு மேசைக்கு வேறொருவர் மே பதினைந்தாம் தேதியே சேர்ந்திருந்தார். நவம்பரில் விரல் மடங்கியது. மாப்பிள்ளை அதே பண்ணையில் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்புகிறார்.