அறுபத்திரண்டு கிலோ

டயாலிசிஸ் முடிந்து எழும்போது சூசைராஜின் எடை அறுபத்திரண்டு கிலோ இருக்க வேண்டும். உடம்பில் தேங்கிய நீரெல்லாம் போன பின் நிற்க வேண்டிய எடை அது. எப்போதோ ஒரு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவன் மனைவி லூர்து மேரி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

வல்லம் வடகாலில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. அளவு மயிரிழை தப்பினாலும் கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவாள். வீட்டிலும் அதே கை. குடிக்கத் தண்ணீர் அளந்து வைத்தாள். எடை ஏறுவதுபோல் தெரிந்தால் சோற்றையும் குறைத்தாள். பிறகு மீன் நின்றது, முட்டை நின்றது. சூசைராஜ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தண்ணீருக்கு என்று நினைப்பாள்.

தராசு ஒருநாளும் அவளைக் கைவிடவில்லை. டயாலிசிஸ் முடிந்து எப்போது ஏறினாலும் அறுபத்திரண்டு. நர்ஸுகள் மற்ற நோயாளிகளுக்கு அவனை உதாரணம் காட்டினார்கள். அப்போதெல்லாம் லூர்து மேரி தனக்குச் சம்பந்தமில்லாததுபோல் ஜன்னலைப் பார்ப்பாள்.

ஒரே குறை, படுத்தால் அவனுக்கு மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து, கொர்கொர்ரென்று மூச்சிழுத்தபடியேதான் தூக்கம். ஒரகடம் ரோட்டு லாரிப் புழுதி என்று சொல்லி வைத்திருந்தான். மூச்சு முட்டுகிறது என்றால் திருட்டுத் தண்ணீர் குடித்தவன் என்று பேர் வரும். குடிக்காமலே அந்தப் பேரை வாங்க அவனுக்கு மனமில்லை.

அந்தச் சனிக்கிழமையும் அறுபத்திரண்டுதான். புதிதாக வந்திருந்த டாக்டர் ஷாலின் ஒரு சின்ன ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சட்டையக் கழட்டிட்டுப் படுங்க ஐயா. நுரையீரலப் பாக்கணும்."

"உக்காந்துக்கினே காட்டறேனே, டாக்டர்."

"ஏன், படுத்தா மூச்சு வாங்குதா?"

சூசைராஜ் மனைவியைப் பார்த்தான். "புழுதி" என்றான்.

டாக்டர் ஜெல்லைத் தடவி விலா இடுக்குகளில் கருவியை நகர்த்தினார். திரையில் வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழே இறங்கின. அவன் மூச்சு விடும்போதெல்லாம் கூடவே ஆடின.

"ஒண்ணு ரெண்டு இருந்தா பரவால்ல. இவ்ளோ கோடு இருந்தா நுரையீரல்ல தண்ணி சேந்திருக்குன்னு அர்த்தம்."

லூர்து மேரி திரும்பினாள். "யாருகிட்ட வாங்கிக் குடிச்ச? கேட்ல நிக்கிற வாட்ச்மேன் எபினேசர்கிட்டயா?"

"மாதா மேல சத்தியமா இல்ல மேரி."

"மாதாவ ஏன் இழுக்கற? அவங்களா வந்து சாட்சி சொல்லப் போறாங்க?"

"வெயிட்டு கரெக்டா கீதே!"

"அதான் நானும் கேக்கறேன். வெயிட்டு கரெக்டா கீது, தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

டாக்டர் அவன் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். "ரொம்ப இளைச்சிருக்கே. என்ன சாப்பிடறார்?"

லூர்து மேரி சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவள் முடிக்கும்வரை டாக்டர் கேட்டார்.

"அம்மா, சதை கரைஞ்சு போச்சு. அந்த எடத்துல தண்ணி வந்து உக்காந்துக்கிச்சு. சதையா தண்ணியான்னு தராசுக்குத் தெரியாது. அறுபத்திரண்டு வந்ததும் நாங்களும் மெஷின நிறுத்திட்டோம். ஐயா திருட்டுத்தனமா ஒண்ணும் குடிச்சிருக்கத் தேவையில்ல. எங்க அளவு பழசு."

லூர்து மேரி திரைப்பக்கம் திரும்பினாள்.

"தராசு சரி. லிமிட்டுதான் தப்பு" என்றாள், பொதுவாக.

அவள் கம்பெனியில் இப்படி நேர்ந்தால் வெளியே போன சரக்கையெல்லாம் திரும்ப வரவழைப்பார்கள். சூசைராஜ் எங்கேயும் போகவில்லை. பக்கத்தில்தான் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

ஒரேயடியாக நீரை எடுத்தால் தசை பிடித்துக்கொள்ளும் என்று, டாக்டர் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடையை இறக்கினார். கோடுகள் குறைந்துகொண்டு வந்தன. எபினேசரைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டதும் சூசைராஜ் பாயில் மல்லாந்து படுத்தான். தூங்கியும் போனான். யாரோ பிடித்து உலுக்கியதில் விழித்தான்.

"இன்னா மேரி?"

"ஒண்ணுமில்ல. மூச்சுச் சத்தமே காணோம்."

"தூங்கிக்கினு இருந்தேன்."

"தூங்கு. யாரு வேணான்னது?"

அவன் கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உலுக்கினாள்.