சேறு பூசிய வீரர்

அவளுடைய அக்காள் கணவர் மலைச் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து, அதன் பெருமையைக் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லார் காதும் புளித்துப்போனது. முழங்கால் கவசம், கையுறை, நிறம் மாறும் கண்ணாடி என்று கல்யாண மாப்பிள்ளை போலத்தான் அவர் காட்டுப்பாதைக்கு வந்தார். கற்கள் நிறைந்த முதல் சரிவிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, அதை உருட்டிக்கொண்டு நடந்தார். தன் சைக்கிளில் கூட வந்த மைத்துனி அவளோ வேர்களின் மேல் குலுங்கிக் குலுங்கி இறங்கி, வாயெல்லாம் சிரிப்பாகக் கீழே காத்திருந்தாள்.

வந்து சேர்ந்தவர் குட்டையில் கைவிட்டுக் கன்னத்தில் சேறு பூசிக்கொண்டு, போனை நீட்டினார்.

“ஒரு போட்டோ எடும்மா.”

“முதுகுல பூசலையே அத்தான்? பின்சக்கரம் அங்கதானே வாரி அடிக்கும்?”

அவர் நிஜமாகவே திரும்பி நின்றார். “நீயே கொஞ்சம் பூசிவிடு.”

இவரைக் கிண்டல் செய்வதுகூட வீண் என்று அவளுக்குத் தோன்றியது. போனை அவர் கையிலேயே திணித்துவிட்டு, இன்னொரு முறை இறங்கும் ஆசையில் மேலே ஏறினாள்.