எல்லாருக்கும் போடும் கோட்

லக்‌ஷன் யோகலிங்கத்தின் தலையைக் கழுத்தோடு வெட்டியெடுத்து, டை கட்டிய ஒரு கறுப்புக் கோட்டின் மேல் வைத்தான். கொஞ்சம் பெரிதாக இருந்தது. சுருக்கினான்.

"இப்ப வடிவா இருக்கு, அன்ரி" என்றான் அவர் மனைவி சிவமலரிடம்.

லண்டன் மிட்சம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் அவனுடைய லப்டொப். செத்தவீட்டுப் பதாகை அடிப்பது அவன் தொழில். யோகலிங்கம் முந்தநாள்தான் இறந்திருந்தார்.

மகள் கம்சிகா எட்டிப் பார்த்தாள்.

"ஆர் இது?"

"உங்கட அப்பா, அக்கா."

"மீன்கடையில நிண்ட மனுசன். ஒருநாளாவது கோட் போட்டவரோ? நாடியில இருந்த தழும்பு எங்க?"

"கிளீன் பண்ணிட்டன். எல்லாருக்கும் செய்யிறதுதான்."

எல்லாருக்கும். பக்கத்துத் தெருக் குகநாதனும் போன மாதம் தன் செத்தவீட்டுப் பதாகையில் இதே கோட்டில்தான் விறைத்துக்கொண்டு நின்றார். செத்த ஆளை மறுபடியும் ஆளில்லாமல் செய்கிறார்கள். கம்சிகா தன் போனை நீட்டினாள். அதில் அப்பா, கடை ஏப்ரனோடு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதைப் போடு."

"விசரே உனக்கு?" என்றாள் அம்மா சிவமலர். "சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்குப் பொய்ப்படம் காட்டவோ?"

அம்மா சுவரைக் காட்டினாள். அங்கே கம்சிகாவின் பட்டமளிப்புப் படம்.

"கையில பிடிச்சிருக்கிற சுருள் உன்ரயோ? ஸ்டூடியோக்காரன்ர. உள்ளுக்க வெறும் பிளாஸ்டிக் குழாய் எண்டு நீதான் சொன்னனி. உடுப்பும் வாடகை. உன்ர கொப்பர் வேலைக்குப் போகேக்க ஒவ்வொருநாளும் அதைப் பாத்திட்டுத்தான் போறவர். அப்ப அவர் பாத்ததும் பொய்யோ?"

அந்தக் குடும்பத்திலேயே முதலில் பல்கலைக்கழகம் போனவள் கம்சிகா. எதற்கும் பதில் வைத்திருப்பாள். சுவர்ப் படத்தைப் பார்த்தாள்; பிறகு திரைக்குத் திரும்பினாள்.

"தழும்பையாவது திருப்பிப் போடு" என்றாள் கடைசியில்.

லக்‌ஷன் ஒரு விசையைத் தட்டினான். தழும்பு வந்தது. சரியான இடத்தில்தான் வந்தது. ஆனாலும் அந்த டைக்கு மேலே அது, அப்பாவைப் போலவே காயம்பட்ட வேறு யாரோ ஒருவருடையது மாதிரி இருந்தது. விடச் சொல்வதா, எடுக்கச் சொல்வதா? அவளுக்குத் தெரியவில்லை.

"டை என்ன நிறம் போட, அக்கா?"

கம்சிகா அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா குனிந்து, கார்டிகன் கைநுனியால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றி, கன்னம், கோட், எல்லாம் துடைத்தாள். தழும்பு இருந்த நாடியடிக்கு வந்தபோது கையை எடுத்துவிட்டாள்.